தொடாத கை, தொட்ட கை
நியூயார்க்கின் இரு டி.ஜே.க்கள்: ஓர் ஒப்பாய்வு

1970களின் நியூயார்க்கில், பாட்டு முடிந்ததும் அடுத்த தட்டை எடுத்துப் போடும் பணியாளாக இருந்த டி.ஜே., கருவி செய்கிறவராகவும் ஒலியை வடிவமைக்கிறவராகவும் உயர்ந்தார். அந்த உயர்வுக்குப் பலர் உழைத்திருக்கிறார்கள். அவர்களில் இருவரை இங்கே அருகருகே வைத்துப் பார்ப்போம். ஒருவர் டேவிட் மன்கூசோ. மன்ஹாட்டனில் பிராட்வே 647ஆம் எண் கட்டடத்தில் தான் குடியிருந்த பெரிய கூடத்தில் 1970 பிப்ரவரி 14 அன்று நண்பர்களுக்கு நடன விருந்து வைத்தவர். 'லாஃப்ட்' என்ற பெயரில் அந்த விருந்து வரலாறானது. மற்றவர் ஜோசப் சாட்லர் என்ற கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ். சில ஆண்டுகள் கழித்து, பிராங்க்ஸின் பூங்காக்களில் இரண்டு டர்ன்டேபிள்களை வைத்துக்கொண்டு ஹிப்-ஹாப்பின் இலக்கணத்தை எழுதியவர்.

இருவருக்கும் இடையிலான வேறுபாடு எடுத்த எடுப்பிலேயே கண்ணில் படும். இசைத்தட்டின் மேல் கை எவ்வளவு குறைவாகப் படுகிறதோ அவ்வளவு நல்லது என்று நம்பினார் மன்கூசோ. கை படும் இடத்தில்தான் இசை பிறக்கிறது என்று காட்டினார் ஃபிளாஷ். ஒருவர் ஒலியின் பாதையிலிருந்து ஒவ்வொரு கருவியாக அகற்றிக்கொண்டே போனார். மற்றவர் அந்தப் பாதையின் நடுவில் ஸ்விட்ச்சைச் செருகினார். ஆனாலும் இவர்கள் செய்த கருவிகளை நெருங்கிப் பார்க்கப் பார்க்க, எதிரெதிர்த் திசையில் நடந்த இருவரும் ஒரே கேள்வியைச் சுமந்து நடந்தது தெரிகிறது. நடனமாடுகிறவரின் கால் ஏன் தடுமாறுகிறது? அந்தத் தடையை எப்படி நீக்குவது?

தொடக்கத்தில் ஓர் ஒற்றுமை

மன்கூசோ 1944இல் நியூயார்க் மாநிலத்தின் யூடிகா நகரில் பிறந்தார். கைக்குழந்தையாகவே அநாதை இல்லத்தில் சேர்க்கப்பட்டார். அங்கே இருந்த சிஸ்டர் அலிசியா என்ற கன்னியாஸ்திரி பலூன் கட்டி, இசைத்தட்டு சுழலவிட்டுக் குழந்தைகளை மகிழ்விப்பார். பிற்காலத்தில் லாஃப்ட்டின் கூரையெங்கும் பலூன்கள் நிறைந்திருந்ததற்கும், அந்த இடம் கடையைப் போல இல்லாமல் வீட்டைப் போல இருந்ததற்கும் வேர் அங்கே இருக்கிறது.

ஃபிளாஷ் 1958இல் பார்படோஸின் பிரிட்ஜ்டவுனில் பிறந்து, சிறு வயதிலேயே பிராங்க்ஸுக்கு வந்தவர். அவரும் குடும்பத்தைப் பிரிந்து வளர்ப்பு இல்லத்தில் சில காலம் கழித்தவரே. தன் சுயசரிதையில் அதை எழுதியிருக்கிறார். வீட்டில் தந்தையின் இசைத்தட்டுகள் இருந்த அலமாரி அவருக்கு விலக்கப்பட்டது. தடையை மீறித் தொட்டால் அடி விழும். அடி விழுந்தும் தொட்டுக்கொண்டே இருந்த சிறுவன் அவர்.

இசைத்தட்டு மன்கூசோவுக்குப் பிறர் கையால் வந்த பரிசு. ஃபிளாஷுக்குத் தன் கையால் மீறி எடுத்த பொருள். பின்னாளில் ஒருவர் தட்டை மரியாதையோடு தள்ளி நின்று போற்றியதையும், மற்றவர் துணிந்து விரல் வைத்ததையும் இந்த ஒரே காரணத்தில் அடக்கிவிட முடியாது. இருந்தாலும் இரண்டுக்கும் அடியில் ஒரே ஏக்கம் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது: சிதறியவர்களை ஓர் இடத்தில் கூட்டி வைக்கும் வல்லமை அந்தக் கறுப்பு வட்டத்துக்கு உண்டு என்பதை இருவரும் சிறு வயதிலேயே அறிந்திருந்தார்கள்.

கூடமும் மேசையும்

மன்கூசோவின் கண்டுபிடிப்புகள் கூடத்தின் மூலைகளிலும் கூரையிலும் இருந்தன. அவர் விரும்பிய ஸ்பீக்கர் 1940களில் பால் கிளிப்ஷ் வடிவமைத்த கிளிப்ஷ்ஹார்ன். அதை அறையின் மூலையில் வைத்தால், இரு பக்கச் சுவர்களும் அதன் ஊதுகுழலின் நீட்சியாகிவிடும். மிகக் குறைந்த மின்திறனிலும் கூடத்தை நிறைக்கும் ஒலி அதிலிருந்து வரும். ஆனால் கூட்டம் சேர்ந்ததும் ஒரு சிக்கல் எழுந்தது. தாழ்ந்த ஒலிகள் உடல்களைச் சுற்றிக்கொண்டு பரவிவிடும். உயர்ந்த ஒலிகள் நேர்கோட்டில் போகிறவை, எதிரே நிற்பவரின் சட்டையிலும் தோளிலும் மோதி அங்கேயே மடியும். கூடம் நிறைய நிறைய, சிம்பலின் மினுக்கமும் பாடகியின் மூச்சும் மங்கிப் போயின.

அதற்கு மன்கூசோ கண்ட வழி, உயர் ஒலியை மட்டும் கூரைக்கு ஏற்றுவது. நடனத்தளத்துக்கு நேர் மேலே, நான்கு திசையும் பார்க்க ட்வீட்டர் என்னும் உயரொலி ஸ்பீக்கர்களைக் கொத்தாகத் தொங்கவிட வேண்டும் என்றார். எட்டு ட்வீட்டர் கேட்டபோது, அதைச் செய்து கொடுத்த ஒலிப்பொறியாளர் அலெக்ஸ் ரோஸ்னர் முதலில் தயங்கினார். நாஜி முகாம்களிலிருந்து உயிர் தப்பி அமெரிக்கா வந்து ஒலித்துறையில் பெயர் பெற்றவர் அவர். இவ்வளவு ட்வீட்டர் காதைக் குத்துமே என்று அவருடைய பொறியியல் அறிவு சொன்னது. பொருத்திப் பார்த்தபோது மன்கூசோவின் காதுதான் சரியென்று அவரே ஒப்புக்கொண்டார். பின்னர் அடிமட்டத்து ஒலிக்கென்று தனிப் பேஸ் ஸ்பீக்கர்களும் சேர்ந்தன. மேலே ட்வீட்டர், கீழே பேஸ், நடுவில் மூல ஸ்பீக்கர் என்ற அடுக்கு, நியூயார்க்கின் நடனக்கூடங்கள் பலவற்றுக்கும் முன்மாதிரியாகிவிட்டது.

ஃபிளாஷின் கண்டுபிடிப்புகள் மேசைமேல் இருந்தன. சாமுவேல் காம்பர்ஸ் தொழிற்கல்விப் பள்ளியில் மின்னணுவியல் படித்தவர் அவர். வீட்டில் இருந்த ரேடியோக்களைப் பிரித்துப் பார்த்துப் பாழாக்கியவர். கைவிடப்பட்ட கார்களிலும் குப்பைமேடுகளிலும் ஸ்பீக்கரும் கம்பியும் பொறுக்கியவர். அவருடைய சிக்கல் வேறு. ஒரு டர்ன்டேபிள் கூட்டத்துக்கு ஒலித்துக்கொண்டிருக்கும்போதே, அடுத்த தட்டில் தாளம் தொடங்கும் இடம் எது என்று அவர் மட்டும் கேட்க வேண்டும். கையில் இருந்ததோ மைக்குகளை இணைப்பதற்கான சாதாரண மிக்ஸர். அதில் அந்த வசதி கிடையாது. ஆகவே இடமும் வலமும் திருப்பக்கூடிய ஒரு ஸ்விட்ச்சை வாங்கி, ஹெட்ஃபோனுக்குத் தனி ஆம்ப்ளிஃபையரோடு இணைத்து, மிக்ஸரின் மேலேயே பசை போட்டு ஒட்டினார். இடப்பக்கம் தள்ளினால் இடத்துத் தட்டு காதில் கேட்கும். வலப்பக்கம் தள்ளினால் வலத்துத் தட்டு. இதற்குப் 'பீக்-அ-பூ' என்று பெயர் வைத்தார்.

அடுத்தது துணி. டர்ன்டேபிளோடு வரும் ரப்பர் விரிப்பு தட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். கீழே சுழற்சி நிற்காமல், மேலே தட்டை மட்டும் விரலால் நிறுத்திப் பிடிக்க வேண்டும் என்றால் அந்தப் பிடி தளர வேண்டும். ஃபிளாஷின் தாய் தையல் வேலை செய்தவர். துணியின் குணங்கள் மகனுக்கும் பழக்கம். ஃபெல்ட் துணி வாங்கி, தட்டின் அளவுக்கு வட்டமாக வெட்டினார். அது தொய்ந்து சுருண்டது. கஞ்சி போட்டு, இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றித் தேய்த்தார். துணி விறைத்து அட்டைபோல் ஆனது. தட்டு அதன்மேல் வழுக்கி நின்றது.

ஒருவர் ரோஸ்னரைப் போன்ற நிபுணரிடம் சொல்லிச் செய்வித்தார். மற்றவர் பசையும் கஞ்சியும் கொண்டு தானே செய்தார். ஒருவருடையது விலையுயர்ந்த கருவிகளின் உலகம். மற்றவருடையது பொறுக்கியெடுத்த உதிரிகளின் உலகம். ஆனால் இருவரின் முறையையும் பாருங்கள். நிறுவனம் தந்த கருவியை அப்படியே ஏற்க இருவரும் மறுத்தார்கள். குறை எங்கே இருக்கிறது என்பதை நூலைப் பார்த்து அல்ல, நடனத்தளத்தைப் பார்த்துக் கண்டார்கள்.

ஊசி முனையில்

இருவரும் உண்மையில் சந்திக்கும் இடம் மிகச் சிறியது. இசைத்தட்டின் வரிப்பள்ளத்தில் ஊசி முனை உட்காரும் இடம் அது. மன்கூசோவும் ஃபிளாஷும் தங்கள் கவனத்தின் பெரும்பகுதியை அந்தப் புள்ளியில் செலவழித்தவர்கள்.

மன்கூசோ தேடியது, பள்ளத்தின் சுவரில் செதுக்கப்பட்ட மிக நுண்ணிய அலையையும் விடாமல் படிக்கும் ஊசி. ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ்களில் அவர் நாடியது ஜப்பானில் கையால் செய்யப்படும் கோயெட்சு. அந்த வகைக் கார்ட்ரிட்ஜ் தரும் மின்னழுத்தம் மிக மிகக் குறைவு. அதைப் பெருக்கும் வழியில் ஒவ்வோர் இணைப்பும் ஒவ்வொரு கம்பியும் தன் நிறத்தை ஒலியில் ஏற்றிவிடும். ஆகவே வழியைச் சுருக்கினார். தரமான முன்-ஆம்ப்ளிஃபையர், தரமான கம்பி என்று போய், 1980களின் தொடக்கத்தில் மிக்ஸரையே அகற்றிவிட்டார். ஊசிக்கும் காதுக்கும் நடுவே எது தவிர்க்கக்கூடியதோ அது தவிர்க்கப்பட வேண்டும் என்பது அவர் கொள்கை.

ஃபிளாஷும் ஊசிகளை ஒப்பிட்டு ஆராய்ந்தார். நீள்வட்ட முனை கொண்டது, கூம்பு முனை கொண்டது என இரண்டு வகை. முதல் வகையில் ஒலி துல்லியம். ஆனால் தட்டைப் பின்னோக்கித் தள்ளினால் பள்ளத்தை விட்டுத் துள்ளிவிடும். இரண்டாம் வகையில் துல்லியம் சற்றுக் குறைவு. ஆனால் முன்னே தள்ளினாலும் பின்னே இழுத்தாலும் அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஃபிளாஷ் கூம்பைத் தேர்ந்தார். அவருக்கும் மின்னழுத்தச் சிக்கல் இருந்தது. டர்ன்டேபிளிலிருந்து வரும் நலிந்த மின்குறிப்பை அந்த மைக் மிக்ஸரால் நேரே ஏற்க முடியாது. முன்கூட்டியே பெருக்கித் தர வேண்டும். அதற்கும் தனியாக ஏற்பாடு செய்துகொண்டார்.

ஒரே புள்ளியில் இரண்டு தேர்வுகள். மன்கூசோ துல்லியத்துக்காக எளிதில் கெடும் ஊசியை ஏற்றார். ஃபிளாஷ் உறுதிக்காக ஒலியில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தார். மோட்டாரிலும் இதே கதை. மன்கூசோவுக்கு வேண்டியது மோட்டாரின் அதிர்வு ஊசியை எட்டாத அமைதி. ஃபிளாஷுக்கு வேண்டியது நின்ற தட்டு கால் சுற்றுக்குள் முழு வேகத்தை எட்டும் இழுவிசை. இருவருமே கடையில் விற்கும் விவரக்குறிப்பை நம்பாமல் சோதித்து அறிந்தார்கள். ஒருவரின் சோதனைக் கருவி காது. மற்றவரின் சோதனைக் கருவி விரல் நுனி.

முழுப் பாட்டும் ஒன்பது வினாடியும்

கருவியில் தொடங்கிய வேறுபாடு காலத்தைப் பற்றிய பார்வையில் இன்னும் கூர்மையாகிறது. மன்கூசோவுக்குப் பாட்டு ஒரு முழுமை. முதல் சுரத்திலிருந்து கடைசி அதிர்வு அடங்கும் வரை அதை ஒலிக்கவிட வேண்டும். வேகத்தை மாற்றக்கூடாது, ஒன்றன்மேல் ஒன்றை ஏற்றக்கூடாது. தொடக்கத்தில் அவரும் பாட்டுகளைக் கலந்தவர்தான்; அந்த வித்தை தெரியாமல் விட்டவர் அல்ல. தெரிந்த வித்தையைத் துறந்தார். இசைக்கலைஞர் முடித்து அனுப்பிய ஒன்றைத் திருத்தத் தனக்கு உரிமையில்லை என்று கருதினார். இரவு முழுவதையும் ஒரு பயணமாக அமைப்பதில், எந்தப் பாட்டுக்குப் பின் எது என்ற வரிசையில், அவருடைய படைப்பாற்றல் வெளிப்பட்டது.

ஃபிளாஷுக்குப் பாட்டின் உயிர் அதன் ஒரு துண்டில் இருந்தது. பாடலும் கித்தாரும் விலகி, டிரம் மட்டும் தனித்து ஒலிக்கும் சில வினாடிகள் அவை. பிராங்க்ஸ் இளைஞர்கள் காத்திருந்தது அந்த இடத்துக்காகத்தான். ஆனால் வந்த வேகத்தில் அது போய்விடும். பிராங்க்ஸ் டி.ஜே. கூல் ஹெர்க் ஏற்கெனவே அந்தத் துண்டுகளை அடுத்தடுத்துப் போட்டுக் கூட்டத்தை ஈர்த்திருந்தார். 1973 ஆகஸ்ட் 11இல் செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் குடியிருப்பில் அவர் நடத்திய விருந்து இன்று ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுகிறது. எனினும் ஹெர்க் ஊசியைக் கண்ணளவில் இறக்கினார். இரண்டு தாளங்களுக்கு நடுவே ஒரு தடுமாற்றம் இருந்தது. அந்தத் தடுமாற்றத்தை ஃபிளாஷால் பொறுக்க முடியவில்லை.

அவர் கண்ட தீர்வு தட்டையே கடிகாரமாகப் பார்ப்பது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி. ஒன்பது வினாடி நீளமுள்ள தாளப்பகுதி சரியாக ஐந்து சுற்றில் முடியும். அது தொடங்கும் இடத்தில் தட்டின்மேல் கிரேயானால் ஒரு கோடு கிழித்துவிட்டால், ஊசியை எடுக்கவே தேவையில்லை; கோட்டைப் பார்த்து ஐந்து சுற்று பின்னோக்கித் தள்ளினால் மீண்டும் தொடக்கம். ஒரு தட்டு ஒலிக்கும் நேரத்தில் இன்னொரு பிரதியைப் பின்னே சுற்றி ஹெட்ஃபோனில் சரிபார்த்து வைத்துக்கொள்ளலாம். ஒன்பது வினாடி ஒன்பது நிமிடமாகும். அதுவும் தாளம் ஒரு மயிரிழைகூடப் பிசகாமல். மற்ற டி.ஜே.க்கள் தட்டின்மேல் விரல்பட அஞ்சிய நாளில், அவர் தட்டின் நடுவிலேயே விரல் வைத்தார்.

இந்த இடத்தில் எதிர்பாராத ஒற்றுமை ஒன்று வெளிப்படுகிறது. முழுப் பாட்டைக் காத்த மன்கூசோவும் துண்டை நீட்டிய ஃபிளாஷும் எதிர்த்தது ஒன்றையே: இசையின் ஓட்டத்தில் வந்து விழும் அந்நியக் கையை. மன்கூசோவுக்கு, ஒரு பாட்டின் நடுவில் இன்னொரு பாட்டை நுழைப்பது அந்நியக் கை. ஃபிளாஷுக்கு, தாளம் உச்சத்தில் இருக்கும்போது பாடகர் திரும்பி வந்து பாடத் தொடங்குவதே அந்நியக் கை. தொடர்ச்சியின் அலகு ஒருவருக்குப் பாட்டு, மற்றவருக்குத் தாளம். அலகுதான் வேறு, தொடர்ச்சியின் மேல் இருவருக்கும் இருந்த பிடிவாதம் ஒன்றே.

மௌனத்தின் இரு முகங்கள்

மிக்ஸரைத் துறந்ததால் மன்கூசோவின் விருந்தில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே மௌனம் விழுந்தது. வேறொரு நடனக்கூடத்தில் அந்த மௌனம் தோல்வியாகக் கருதப்பட்டிருக்கும். லாஃப்ட்டில் அதைக் கைதட்டலும் ஆரவாரமும் நிரப்பின. கேட்ட பாட்டுக்குக் கூட்டம் நன்றி சொல்ல அது ஓர் இடமாயிற்று.

ஃபிளாஷும் ஒரு மௌனத்தைச் சந்தித்தார். அது அவரை நொறுக்கிய மௌனம். மாதக்கணக்கில் அறைக்குள் பயின்ற தன் முறையை முதன்முதலாகக் கூட்டத்தின்முன் நிகழ்த்தியபோது யாரும் ஆடவில்லை. நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீடு திரும்பி அழுததாக அவர் பின்னர் சொல்லியிருக்கிறார். விரல் வித்தை அவ்வளவு புதியதாக இருந்ததால், அது கால்களை நிறுத்திக் கண்களைத் திறந்துவிட்டது. நடனத்துக்காகச் செய்த கருவி நடனத்தையே நிறுத்தியது.

அவர் அதற்குக் கண்ட மாற்று மனிதக் குரல். கீத் 'கவ்பாய்' விக்கின்ஸ் மைக்கைப் பிடித்துக் கூட்டத்தை உசுப்பினார். மெல்லி மெல்லும் மற்றவர்களும் சேர, அது ஃபியூரியஸ் ஃபைவ் குழுவாக வளர்ந்தது. மன்கூசோ இந்தச் சிக்கலைச் சந்திக்கவே இல்லை. கூட்டத்தின் கண் தன்மேல் படாதிருக்க அவர் முதலிலிருந்தே கவனம் எடுத்துக்கொண்டார், தன்னை டி.ஜே. என்று அழைப்பதைக்கூட அவர் விரும்பவில்லை. லாஃப்ட்டில் ஆடுகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்து ஆடினார்கள். பூங்காவில் கூடியவர்கள் மேசையைப் பார்த்து நின்றார்கள்.

வீடும் பூங்காவும்

இடம் இருவரின் தொழில்நுட்பத்தையும் தீர்மானித்தது. மன்கூசோவின் விருந்து அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு மட்டுமே. மது விற்பனை கிடையாது; பழரசமும் உணவும் நுழைவுத்தொகையிலேயே அடங்கும். கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர், வெள்ளையர், தன்பாலீர்ப்பினர் என யாவரும் ஒரே தளத்தில் ஆடிய அந்த இடத்துக்கு நகர நிர்வாகம் உரிமம் கேட்டது. 1926இலிருந்து நியூயார்க்கில் நடனத்துக்கு உரிமம் கட்டாயம் என்ற சட்டம் இருந்தது. 2017இல்தான் அது நீக்கப்பட்டது. பொதுமக்களுக்கு எதையும் விற்காததால் தனக்கு அது பொருந்தாது என்று மன்கூசோ வாதிட்டு வென்றார். அந்த வெற்றி பாரடைஸ் கராஜ் போன்ற தனியார் நடனக்கூடங்களுக்கு வழி திறந்தது. இதையும் ஒரு கண்டுபிடிப்பாகவே எண்ண வேண்டும். ட்வீட்டர் இல்லாமல்கூட லாஃப்ட் இருந்திருக்கும், இந்தச் சட்ட வடிவம் இல்லாமல் இருந்திருக்க முடியாது.

பூங்காவில் கதவே இல்லை, அழைப்பிதழும் இல்லை. விளக்குக் கம்பத்தின் அடிப்பெட்டியைத் திறந்து மின்சாரம் எடுத்தார்கள். சுவர் இல்லாத இடத்தில் மூலை ஸ்பீக்கருக்கு வேலை இல்லை. ஒலி வானத்துக்குப் போய்விடும். ஆகவே ஃபிளாஷின் கண்டுபிடிப்புகள் எங்கும் தூக்கிச் செல்லக்கூடிய வடிவம் எடுத்தன: ஒரு ஸ்விட்ச், ஒரு வட்டத் துணி, ஒரு கோடு, பயின்ற கை.

தட்டுகளைத் தேடுவதில் இருவரும் ஒருவரையொருவர் விஞ்சக்கூடியவர்கள். கேமரூன் கால்பந்துப் பாடல் ஒன்றின் பின்பக்கமாக வெளிவந்த மனு டிபாங்கோவின் 'சோல் மகோஸா'வை மன்கூசோ கண்டெடுத்து ஆடவைத்தார். அது வானொலிக்குப் பரவி 1973இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஏறியது. பாப் ஜேம்ஸின் ஜாஸ் தட்டு ஒன்றில் மணியோசை அதிரும் சில நொடிகளைப் பிராங்க்ஸ் கூட்டத்தின் சொத்தாக்கினார் ஃபிளாஷ். ஆனால் கண்டதைக் கையாண்ட விதம் வேறு. பிராங்க்ஸ் டி.ஜே.க்களிடையே, போட்டியாளர் கண்ணில் படாதிருக்கத் தட்டின் லேபிளை நீரில் ஊறவைத்துக் கிழிக்கும் வழக்கம் இருந்தது. மன்கூசோவோ 1975இல் பிரின்ஸ் தெரு 99இல் நண்பர்களோடு 'ரெக்கார்ட் பூல்' தொடங்கி, நிறுவனங்கள் தரும் புதிய தட்டுகளை டி.ஜே.க்கள் பொதுவில் பகிர்ந்துகொள்ள வழி செய்தார். இதைக் கொண்டு ஒருவரைத் தாராளர் என்றும் மற்றவர்களைக் கஞ்சர் என்றும் முடிவு கட்டுவது நியாயமாகாது. கையில் வேறு முதல் எதுவும் இல்லாதவர்களுக்கு அறிவு ஒன்றே முதல். அவர்கள் அதைக் காத்தார்கள்.

தனித்து நின்றவர் யாரும் இல்லை

இருவரையும் தனிப் பேரறிவாளர்களாக நிறுத்திவிட்டால் ஒப்பீடு பொய்யாகும். ரோஸ்னர் இல்லாமல் மன்கூசோவின் காது கேட்டது கூரையில் தொங்கியிருக்காது. ஹெர்க்கின் துண்டுத் தாளமும், டிஸ்கோ பாட்டுகளைத் தடங்கலின்றி இணைத்த பீட் 'டி.ஜே.' ஜோன்ஸின் நேர்த்தியும் ஃபிளாஷுக்கு இரு ஆசிரியர்கள். தட்டை முன்னும் பின்னும் உரசி ஓசை எழுப்பும் ஸ்க்ராட்ச் உத்தியைக் கண்டவர் ஃபிளாஷோடு பழகிய சிறுவன் கிராண்ட் விஸார்ட் தியடோர். அதை மேடையில் வளர்த்தவர்களில் ஒருவர் ஃபிளாஷ்.

ஹெட்ஃபோனில் முன்கூட்டிக் கேட்கும் வசதியும் வழுக்கும் துணியும் மன்ஹாட்டன் கூடங்களில் ஃபிரான்சிஸ் கிராசோ போன்ற டி.ஜே.க்களிடம் ஏற்கெனவே இருந்தவை. ஃபிளாஷ் அவற்றை மீண்டும் கண்டுபிடித்தார். இது அவருடைய பெருமையைக் குறைப்பதாக நான் எண்ணவில்லை. சில மைல் தூரத்தில் இருந்த கருவி பிராங்க்ஸ் இளைஞனின் கைக்கு எட்டாமல் இருந்தது என்பது அந்த நகரத்தின் பிளவைக் காட்டுகிறது. எட்டாததைத் தானே செய்துகொண்டதும், செய்ததை வேறொரு நோக்கத்துக்குத் திருப்பியதும் அவருடைய ஆற்றலைக் காட்டுகின்றன. மன்ஹாட்டனில் இரண்டு பாட்டைத் தையல் தெரியாமல் இணைக்கப் பயன்பட்ட அதே முறை, அவர் கையில் ஒரு பாட்டை வெட்டிப் புதிய பாட்டாக்கப் பயன்பட்டது.

கருவி தன்னைச் செய்தவரை என்ன செய்தது

கடைசியாக, விளைவில் ஒரு விந்தையான இணை இருக்கிறது. மன்கூசோ விரும்பிப் பின்னால் மறைந்தார். அவர் செய்த அமைப்பு எவ்வளவு நன்றாக வேலை செய்ததோ அவ்வளவு அவர் கண்ணுக்குத் தெரியாமல் போனார். ஃபிளாஷ் விரும்பாமலே பின்னால் தள்ளப்பட்டார். கூட்டத்தை ஆடவைக்க அவர் அழைத்து வந்த குரல், சில ஆண்டுகளில் ஹிப்-ஹாப்பின் முகமாகிவிட்டது. அவர் பெயரைத் தாங்கி 1982இல் வெளிவந்த 'தி மெசேஜ்' பாடலின் ஒலிப்பதிவில் அவருடைய டர்ன்டேபிளுக்கு வேலையே இருக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, மூன்று டர்ன்டேபிள்களைக் கொண்டு ஏழு நிமிடத்தில் பலருடைய பாட்டுகளை நெய்து அவர் வெளியிட்ட ஒரு தட்டுதான் அந்தக் கைத்திறனுக்கு நிலைத்த சாட்சி. 2019இல் ஸ்வீடனின் போலார் இசைப் பரிசு, வயலின் மேதை அன்னே-சோஃபி முட்டருக்கு வழங்கப்பட்ட அதே ஆண்டில் ஃபிளாஷுக்கும் வழங்கப்பட்டது. இசைத்தட்டைக் கையாள்வது இசைக்கருவி வாசிப்பதே என்ற அவருடைய வாதம் அந்த மேடையில் ஏற்கப்பட்டது.

மன்கூசோவின் பரிசு அவர் விருந்துக்கு வந்தவர்கள். லாரி லெவன், ஃபிராங்கி நக்கிள்ஸ், நிக்கி சியானோ ஆகியோர் லாஃப்ட்டில் ஆடிக் கற்றவர்கள். லெவன் பாரடைஸ் கராஜில் பெரும்புகழ் பெற்றார். நக்கிள்ஸ் சிகாகோவுக்குப் போய் ஹவுஸ் இசைக்கு அடித்தளம் இட்டார். 2016இல் மன்கூசோ மறைந்த பின்னும் லாஃப்ட் விருந்துகள் நியூயார்க்கிலும் லண்டனிலும் தொடர்கின்றன.

ஆயினும் இரு மரபுகளும் ஒரே அளவில் பரவவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஃபிளாஷின் கண்டுபிடிப்புகள் இன்று ஒவ்வொரு டி.ஜே. கருவியிலும் குடிகொண்டிருக்கின்றன. ஹெட்ஃபோனில் முன்கூட்டிக் கேட்கும் பொத்தான், தாளத்துண்டைத் தானே திருப்பித் திருப்பி ஒலிக்கும் லூப், கிரேயான் கோட்டுக்குப் பதிலாகத் திரையில் ஒளிரும் குறி என்று எல்லாம் பொத்தானாக மாறிவிட்டன. பதின்வயதுப் பிள்ளை மடிக்கணினியில் ஒரே மாலையில் அவற்றைப் பழகிவிடலாம். மன்கூசோவின் கண்டுபிடிப்பைப் பொத்தானாக்க முடியாது. மூலையின் கோணம், கூரையின் உயரம், கூட்டத்தின் அடர்த்தி ஆகியவற்றை ஒவ்வோர் இடத்திலும் புதிதாகக் கேட்டறிய வேண்டும். பூங்காவில் பிறந்தது எங்கும் பயணம் செய்கிறது. வீட்டில் பிறந்தது வீடு கட்டத் தெரிந்தவர்களிடம் மட்டும் வாழ்கிறது.

இதன் பலனை இன்றைய நடனக்கூடங்களில் கேட்கலாம். தாளப் பொருத்தம் எங்கும் குறையற்று இருக்கிறது. ஒலியின் தெளிவு பல இடங்களில் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. பலரும் காதடைக்கும் உரத்த ஒலியையே நல்ல ஒலி என்று கொள்கிறார்கள்; ஆடுகிறவர்கள் பேசிக்கொள்ளவும், மறுநாள் காது இரையாமலிருக்கவும் மன்கூசோ ஒலி அளவுக்கு வரம்பு வைத்திருந்ததை எண்ணிப் பார்க்கிறவர்கள் சிலரே. இருவரில் ஒருவருடைய பாடத்தை மட்டும் உலகம் கரைத்துக் குடித்துவிட்டது. அதற்கு ஃபிளாஷ் பொறுப்பல்லர். எளிதில் பிரதி எடுக்கக்கூடிய அறிவு முந்திக்கொண்டது, அவ்வளவே.

ஆகவே, இவ்விருவரில் யார் பெரியவர் என்ற கேள்வியைவிட, ஒருவரை விட்டு மற்றவரைக் கற்பதில் என்ன இழப்பு என்ற கேள்வியே பயனுள்ளது. ஃபிளாஷை மட்டும் கற்றவர் ஒலியை வெட்டவும் ஒட்டவும் வல்லவராவார். ஆனால் அந்த ஒலி கூடத்தின் கடைசி வரிசையில் நிற்பவரிடம் எப்படிப் போய்ச் சேர்கிறது என்று அறியாமல் இருப்பார். மன்கூசோவை மட்டும் கற்றவர் ஒலியைப் பழுதின்றிக் கொண்டுசேர்ப்பார். ஆனால் பதிவான இசை மறுபடியும் உயிர்பெற்றுப் புதிதாகப் பிறக்கக்கூடும் என்ற துணிவை இழப்பார். தட்டை எப்போது தொட வேண்டும், எப்போது தொடாமல் விலக வேண்டும் என்று அறிந்த கையே தேர்ந்த கை. அந்த அறிவில் பாதியைப் பிராட்வே கூடமும் மறுபாதியைப் பிராங்க்ஸ் பூங்காவும் வைத்திருக்கின்றன. புதிதாக இத்தொழிலுக்கு வருகிறவர் இரண்டு இடத்துக்கும் மாணவராக வேண்டும்.